பிரிக்ஃபீல்ட்ஸில் அலெக்சாண்டர்: ஒரு மாலை வகுப்பின் மதிப்புரை

கோலாலம்பூரில் பெரியவர்களுக்கான தமிழ் வகுப்பு என்றால் திருமுறை, யோகா, பரதம், தொழில்முனைவோர் பயிற்சி என்ற வட்டத்தைத் தாண்டுவது அபூர்வம். வேலைக்குப் போகிறவர்களும் ஓய்வுபெற்றவர்களும் தேர்வு எதுவும் எழுதும் நோக்கமின்றி உட்கார்ந்து, கி.மு. நான்காம் நூற்றாண்டைப் பற்றித் தமிழில் கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஒருவர் அழைப்பு விடுத்தால், அதற்குக் கட்டணமும் கேட்டால், யார் வருவார்கள் என்ற ஐயம் இயல்பாகவே எழும். வந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீதியை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ‘அலெக்சாண்டர் பேரரசை எப்படிக் கட்டினார்’ என்ற தலைப்பில் ஆறு சனிக்கிழமை மாலைகளில் நடந்த இந்த வகுப்பில் நாற்காலிகள் பெரும்பாலும் நிறைந்தே இருந்தன. கட்டணம் 180 ரிங்கிட். மாணவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் பாதி. நடத்தியவர் இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். அடுத்த தொகுதிக்குப் பதிவு தொடங்கவிருப்பதாகச் சொல்கிறார்கள். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தலைப்பிலுள்ள ‘எப்படி’ என்ற கேள்வியை ஆசிரியர் உண்மையாகவே எடுத்துக்கொண்டார் என்பதே இந்த வகுப்பின் முதல் பலம். தமிழில் அலெக்சாண்டரைப் பற்றி நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மேடைப் பேச்சுக் கதைகள். நிழலைக் கண்டு மிரண்ட குதிரையை அடக்கிய சிறுவன், முடிச்சை வாளால் வெட்டிய இளைஞன், சவப்பெட்டிக்கு வெளியே வெறுங்கையை நீட்டிவைக்கச் சொன்ன மன்னன் ஆகிய இந்த மூவரைத் தாண்டி நம் பேச்சாளர்கள் போவதில்லை. இவற்றுள் கடைசிக் கதையைப் பண்டைய வரலாற்றாசிரியர் எவரும் எழுதவில்லை என்று முதல் அமர்விலேயே சொல்லி, ஆசிரியர் அதை ஓரங்கட்டிவிட்டார். ஒருவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அவர் அடுத்த வாரமும் வந்தார் என்பதால் பெரிய இழப்பாக இருந்திருக்காது.

முதல் இரண்டு அமர்வுகளும் அலெக்சாண்டரைப் பற்றியவை அல்ல. அவருடைய தந்தை இரண்டாம் பிலிப்பைப் பற்றியவை. கட்டணம் கட்டியவர்களுக்கு இது முதலில் எரிச்சலைத் தந்தாலும், வகுப்பு முழுவதும் நிற்பது இந்த அடித்தளத்தின் மீதுதான். கி.மு. 359இல் மாசிடோனியா சிதறும் நிலையில் இருந்தது. பிலிப்பின் அண்ணனான அரசர் மூன்றாம் பெர்டிக்கஸ், இல்லிரியர்களுடன் நடந்த போரில் 4,000 வீரர்களோடு மடிந்திருந்தார். அந்த நாட்டைக் கையிலெடுத்து, 338இல் கைரோனியாவில் ஏதென்ஸையும் தீப்ஸையும் ஒருசேரத் தோற்கடித்து, மறு ஆண்டு கிரேக்க நகரங்களைக் கொரிந்தியக் கூட்டணிக்குள் கொண்டுவந்து, பாரசீகத்தின் மீது படையெடுக்க முன்னணிப் படையையும் ஆசியக் கரைக்கு அனுப்பிவைத்த நிலையில்தான் 336இல் பிலிப் கொலையுண்டார். இருபது வயது மகனுக்குக் கிடைத்தது வெறும் அரியணை மட்டுமன்று. ஆண்டு முழுவதும் பயிற்சி பெற்ற படை, முற்றுகைப் பொறிகளைச் செய்யத் தெரிந்த பொறியாளர்கள், பங்கயோன் மலைப்பகுதியின் பொன் சுரங்கங்கள், பார்மெனியன் போன்ற பழுத்த தளபதிகள், தீட்டிவைத்த படையெடுப்புத் திட்டம் ஆகிய எல்லாம் சேர்ந்த முதுசொம் அது.

சரிசா என்னும் ஈட்டியை ஆசிரியர் விளக்கிய விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிவிசி குழாய்களை இணைத்து ஐந்து மீட்டர் நீளத்தில் ஒன்றைச் செய்து கொண்டுவந்திருந்தார். அதை அறைக்குள் நிமிர்த்த முடியவில்லை, கூரை இடித்தது. எனவே எல்லோரையும் வெளியே நடைகூடத்துக்கு அழைத்துப் போய், ஓர் இளைஞரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். ஒரு கையால் பிடித்தவுடன் முனை தரையைத் தொட்டது. இரண்டு கைகளும் வேண்டும். அப்படியானால் கேடயத்தை எந்தக் கையால் பிடிப்பது என்று கேட்டுவிட்டு, சிறிய கேடயத்தை வாரால் தோளில் தொங்கவிட்டுக் காட்டினார். பிறகு ஐவரை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி, ஐந்தாவது வரிசை வீரனின் ஈட்டி முனையும் முதல் வரிசைக்கு முன்னால் நீண்டிருக்கும் என்பதைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு விளக்கினார். எதிரி முதல் வீரனை நெருங்குவதற்கு முன்னால் ஐந்து முனைகளைத் தாண்ட வேண்டும். அதே வேளையில் இந்த அணி பக்கவாட்டில் திரும்ப முடியாது, மேடுபள்ளத்தில் கலைந்துவிடும். ஆகவே பக்கங்களைக் காக்கவும் எதிரியின் வரிசையில் இடைவெளி விழும்போது பாயவும் குதிரைப்படை தேவை. ஈட்டி அணி எதிரியை அசையவிடாமல் பிடித்துக்கொள்ள, ‘தோழர்கள்’ எனப்பட்ட குதிரைப்படை தாக்கும் என்ற இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டவருக்குப் பாரசீகருடன் நடந்த கிரானிகஸ், இஸ்ஸஸ், காகமேலா ஆகிய மூன்று போர்களும் பாதி புரிந்துவிடும். பிற்பாடு அந்தப் போர்களை விவரிக்கையில் ஆசிரியர் நீட்டி முழக்காததற்கும் இதுவே காரணம்.

மூன்றாம் அமர்வு சோற்றுக் கணக்கு. நான் பார்த்தவரை இந்த வகுப்பின் உச்சம் இதுதான். 334இல் டார்டனெல்ஸ் நீரிணையைக் கடந்த படையில் ஏறத்தாழ 32,000 காலாட்படையினரும் 5,000 குதிரைப்படையினரும் இருந்தனர் என்று ஆசிரியர் பலகையில் எழுதியதும், உணவு விநியோகத் தொழில் நடத்தும் ஓர் அம்மையார் எழுந்து, “சார், இவ்வளவு பேருக்குத் தினம் சாப்பாடு போட்டது யார்?” என்று கேட்டார். “அந்தக் கேள்வியைத்தானம்மா நானும் எதிர்பார்த்தேன், கணக்கை நீங்களே போடுங்கள்” என்று சுண்ணக்கட்டியை அவரிடமே கொடுத்துவிட்டார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ தானியம் என்று வைத்தாலும் வீரர்களுக்கு மட்டும் 55 டன்னுக்கு மேல் வந்தது. குதிரைகள், சுமை விலங்குகள், பணியாளர்கள் கணக்கில் சேரவில்லை, தண்ணீரும் சேரவில்லை. தானியத்தை விலங்குகள் மீது ஏற்றினால் அவையும் தின்னும். நாட்கள் கூடக்கூடச் சுமையைச் சுமப்பவையே சுமையைத் தின்று தீர்த்துவிடும்.

இந்த இக்கட்டுக்கு மாசிடோனியர் கண்ட வழி இரண்டு. முதலாவது பிலிப்பினுடையது: வண்டிகளைத் தவிர்த்து, பத்துக் காலாட்களுக்கு ஒரு பணியாள் என்று அளவு வைத்து, வீரர்களே மாவையும் ஆயுதத்தையும் சுமந்து நடக்கப் பழக்கினார். இரண்டாவது அலெக்சாண்டர் பின்பற்றியது: படை புறப்படுவதற்கு முன்பே முன்னே உள்ள நகரங்களின் அதிகாரிகளைப் பணியவைத்து, போகும் வழியில் தானியத்தைச் சேர்த்துவைக்கச் செய்வது. அவருடைய படை எந்த மாதத்தில் எங்கே நின்றது என்பதை அறுவடைக் காலத்தோடு பொருத்திப் பார்த்தால், அவசரக்காரர் என்று நாம் நினைத்திருந்தவர் எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார் என்பது தெரிகிறது. தூரத்தை அடியெண்ணி அளப்பதற்கென்றே படையோடு ஆட்கள் நடந்தார்கள் என்ற செய்தியும் இந்த இடத்தில்தான் வந்தது. புறப்படும்போது அவர் கையிருப்பு 70 தாலந்து (வெள்ளியின் எடையால் கணித்த அக்காலப் பண அளவு) என்றும், 200 தாலந்து கடன் இருந்தது என்றும், உணவு 30 நாளைக்கே இருந்தது என்றும் பண்டைய வாழ்க்கை வரலாற்றாசிரியரான புளூட்டார்க் தமக்கு முந்தைய ஆசிரியர்களை மேற்கோள் காட்டி எழுதியிருப்பதை ஆசிரியர் வாசித்தபோது, வென்றே ஆகவேண்டிய நெருக்கடியில்தான் அந்தப் படை கரையேறியது என்பது விளங்கியது.

டைர் நகர முற்றுகையைச் சொன்ன நான்காம் அமர்வும் நன்று. அலெக்சாண்டர் ஆசியக் கரையிலுள்ள மைலீட்டஸில் தம் கடற்படையைக் கலைத்துவிட்டார் என்பதைப் பள்ளிப் பாடங்கள் பொதுவாகச் சொல்வதில்லை. பாரசீகர் பக்கம் கப்பல்கள் மிக அதிகம். தம்மிடம் இருந்தவற்றுக்குக் கூலி கொடுக்கவும் பணமில்லை. எனவே எதிரியின் கப்பல்களைக் கடலில் சந்திக்காமல், அவை தண்ணீர் எடுக்கவும் பழுது பார்க்கவும் ஒதுங்கும் துறைமுகங்களை நிலத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடிப்பது என்று தீர்மானித்தார். 332இல் ஃபினீஷியக் கரையை (இன்றைய லெபனான் பக்கம்) அடைந்தபோது இந்தக் கணக்கு பலித்தது. சொந்த ஊர் பிடிபட்டதை அறிந்த சீதோன், பிப்லோஸ் கப்பல்களும், பின்னர் சைப்ரஸ் கப்பல்களும் பாரசீகரை விட்டு அவர் பக்கம் சேர்ந்தன. டைர் மட்டும் பணியவில்லை. கரையிலிருந்து அரை மைல் தள்ளியிருந்த அந்தத் தீவு நகரை அடைய, நிலப்பகுதியிலிருந்த பழைய நகரை இடித்து அந்தக் கல்லையும் லெபனான் மரங்களையும் கடலில் கொட்டிப் பாதை போட்டார். டைர் மக்கள் தீக்கப்பலை ஏவி அதன் கோபுரங்களை எரித்தனர். மீண்டும் அகலமாகக் கட்டினார். ஏழு மாதங்களுக்குப் பிறகு நகரம் வீழ்ந்தது. அந்தப் பாதையின் இருபுறமும் மணல் சேர்ந்து, இன்று டைர் தீவாக இல்லை. நிலத்தோடு ஒட்டிய முனையாகவே இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைத் திரையில் காட்டி ஆசிரியர் இதை விளக்கிய சில நிமிடங்கள், பக்கம் பக்கமாக எழுதிய விளக்கத்தைவிடப் பயனுள்ளவை.

நகரம் வீழ்ந்த பின் நடந்ததை அவர் மழுப்பவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். டைரில் 8,000 பேர் கொல்லப்பட்டதாகவும் 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டதாகவும் பண்டைய வரலாற்றாசிரியர் அரியன் எழுதுகிறார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் தீப்ஸுக்கும் இதே கதி. பணிந்த நகருக்குச் சலுகை, எதிர்த்த நகருக்கு அழிவு என்ற செய்தி ஒவ்வொரு துறைமுகத்துக்கும் படைக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. அது வீரத்தோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய ஆயுதம். ‘மாவீரன்’ என்ற அடைமொழியை ஆசிரியர் எந்த அமர்விலும் பயன்படுத்தவில்லை. அது தற்செயல் அன்று என்றே நினைக்கிறேன்.

ஐந்தாம் அமர்வின் முதற்பாதி, வகுப்பின் மையக் கருத்தை முழுமையாக்கியது. 331 அக்டோபர் 1ஆம் நாள் காகமேலாவில் பாரசீக மன்னர் மூன்றாம் தாரியஸ் தோற்றபின் அலெக்சாண்டருக்குக் கிடைத்தது வெற்று நிலம் அன்று. இரண்டு நூற்றாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த நிர்வாகம், சூசாவிலிருந்து சார்டிஸ் வரை சென்ற அரச பாட்டை, வரிப் பதிவேடுகள், சத்ராப்புகள் எனப்பட்ட மாகாண ஆளுநர்கள், பெர்செபோலிஸ் கருவூலத்தில் குவிந்திருந்த 120,000 தாலந்து என எல்லாம் சேர்ந்து கைமாறின. தாலந்துக்கு ஏறத்தாழ 26 கிலோ என்று கொண்டால், அந்தத் தொகை மூவாயிரம் டன்னுக்கு மேற்பட்ட வெள்ளி உலோகத்தின் மதிப்பு. அதைச் சுமக்க 10,000 சோடிக் கோவேறு கழுதைகளும் 5,000 ஒட்டகங்களும் தேவைப்பட்டன என்கிறார் புளூட்டார்க். காகமேலாவில் தமக்கு எதிராகப் பாரசீகரின் வலப்பக்க அணியை நடத்திய மசாயஸையே பாபிலோனுக்கு ஆளுநராக அமர்த்தினார் அலெக்சாண்டர். ஆனால் படைத்தலைமையையும் வரி வசூலையும் மாசிடோனியரிடம் பிரித்துக் கொடுத்தார். தந்தை கட்டிய படையைக் கொண்டு, பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸின் வழியினர் கட்டிய அரசை, அதன் எந்திரம் நிற்காமல் கைப்பற்றியதே அவர் பேரரசு ‘கட்டிய’ முறை என்று ஆசிரியர் முடித்தபோது மறுப்பதற்கு யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இதற்கு அவர் காட்டிய சான்றும் புதிது. அலெக்சாண்டரைப் பற்றி முழுமையாகக் கிடைக்கும் வரலாறுகள் எல்லாம் அவர் இறந்து சில நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. நம்பகமானவர் எனப்படும் அரியனே நானூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்டவர். ஆனால் அந்தந்த நாளிலேயே எழுதப்பட்ட பாபிலோனியக் களிமண் பலகைகள் இருக்கின்றன. காகமேலாவில் தாரியஸ் முதலில் ஓடினார் என்று கிரேக்கர் பக்கம் சொல்ல, படையினர் அரசனைக் கைவிட்டுப் போயினர் என்ற பொருளில் பாபிலோனிய வானியல் நாட்குறிப்பு எழுதியிருக்கிறது. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பாக்ட்ரியாவிலிருந்து கிடைத்த அரமேய மொழித் தோல் ஆவணங்களில் ஒன்று அலெக்சாண்டரின் ஏழாம் ஆட்சியாண்டைக் குறிக்கும் பொருள் வழங்கல் பட்டியல். பாரசீக மன்னர் காலத்தில் எந்த எழுத்தர் மரபு எந்த முறையில் கணக்கு எழுதியதோ அதே முறை. மேலே அரசனின் பெயர்தான் மாறியிருக்கிறது. இத்தகைய ஆவணங்களைத் தமிழில் விளக்கிக் கேட்கும் வாய்ப்பு வேறெங்கும் எனக்குக் கிட்டியதில்லை.

இந்த உயரத்திலிருந்து வகுப்பு சரிந்தது, எதிர்பாராத இடத்தில். இந்தியப் பகுதி வந்ததும் ஆசிரியருக்குள் இருந்த ஆய்வாளர் ஒதுங்கி, கதைசொல்லி முன்னால் வந்துவிட்டார். ஜீலம் நதிக்கரையில் 326இல் பஞ்சாப் பகுதி மன்னர் போரஸுடன் நடந்த போருக்கு மட்டும் ஓர் அமர்வில் பாதி செலவானது. மழை இரவில் படையின் ஒரு பகுதியைப் பாசறையில் தளபதி கிராடரஸிடம் விட்டுவிட்டு, ஆற்றின் மேற்புறமாகச் சென்று கடந்த உத்தியை அவர் நன்றாகவே சொன்னார். ஆனால் போரஸிடம் 200 யானைகள் இருந்தன என்பதை உறுதியான எண்ணாகப் பலகையில் எழுதினார். அரியன் 200 என்கிறார், டயடோரஸ் 130 என்கிறார், கர்ட்டியஸ் 85 என்கிறார். அதே அமர்வின் முற்பாதியில் மூல நூல்களை நம்புவது எப்படி என்று பாடம் நடத்தியவர், அதே உரைகல்லை இங்கே எடுக்கவில்லை. வென்றது போரஸ்தான் என்று இணையத்தில் பரவும் கூற்றை ஒருவர் எழுப்பியபோதும், “அப்படியும் சொல்கிறார்கள்” என்று சிரித்து விட்டுவிட்டார். அப்படிச் சொல்ல ஆதாரம் ஏதும் இல்லை என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவையினர் மனம் கோணக் கூடாது என்று எண்ணியிருப்பார் போலும்.

அதைவிடப் பெரிய குறை, போரஸுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்து மேலும் நிலம் சேர்த்துக் கொடுத்ததை அரசர்க்கு அரசர் காட்டிய பெருந்தன்மையாக மட்டும் காட்டியது. மசாயஸுக்கு பாபிலோனில் நடந்தது எதுவோ அதுவே போரஸுக்கு பஞ்சாபில் நடந்தது. தோற்றவரைத் தம் ஆளாக்கி அந்த ஊரை அவரைக் கொண்டே ஆள்வது. தாமே அடித்தளமிட்டுக் கட்டிய வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. அதைக் கோட்டை விட்டார். பியாஸ் கரையில் படை மேற்கொண்டு நடக்க மறுத்தது, தளபதி கோயினஸ் வீரர்கள் சார்பில் பேசியது, முல்தான் பக்கம் மல்லியர் கோட்டையில் அலெக்சாண்டர் மார்பில் அம்பு தைத்தது, இன்றைய பலுசிஸ்தானிலுள்ள கெட்ரோசியப் பாலைவனத்தில் பசியாலும் தாகத்தாலும் ஏராளமானோர் மடிந்தது ஆகியவை கடைசிக் கால் மணி நேரத்தில் அவசரமாக அள்ளித் தெளித்த கோலமாயின. உணவுக் கணக்கை அவ்வளவு நுணுக்கமாகச் சொன்னவர், அந்தக் கணக்கு முற்றிலும் பொய்த்துப்போன ஒரே இடமான கெட்ரோசியாவில் நின்று நிதானிக்காதது எனக்கு விளங்கவில்லை.

ஆறாம் அமர்வு, மாசிடோனிய அதிகாரிகளுக்குப் பாரசீகப் பெண்களை மணமுடித்த சூசா திருமணங்களையும், 323 ஜூனில் பாபிலோனில் நேர்ந்த மரணத்தையும், தளபதிகள் பாகம் பிரித்துக்கொண்டதையும் ஒழுங்காகவே சொல்லி முடித்தது. குறைசொல்ல ஒன்றுமில்லை, வியக்கவும் ஒன்றுமில்லை.

மலேசியாவில் நடத்தப்படும் வகுப்பு என்ற முறையில் இன்னொன்றையும் எதிர்பார்த்தேன். மலாய் மன்னர்களின் வரலாறாகிய செஜாரா மெலாயு தன் கதையை மாசிடோனியாவின் ராஜா இஸ்கந்தரிடமிருந்துதான், அதாவது அலெக்சாண்டரிடமிருந்துதான், தொடங்குகிறது. அவர் இந்திய மன்னன் ஒருவனை வென்று அவன் மகளை மணக்கிறார். அந்த வழியில் வந்த சங் சபூர்பா பலெம்பாங்கின் செகுந்தாங் குன்றில் தோன்றுகிறார். மலாக்கா அரச மரபு அங்கிருந்து வருகிறது. இடையில் கலிங்க நாட்டு அரசன் ஒருவன் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடிக்குப் போகிறான். ஐரோப்பிய இடைக்காலக் கதைகளில் கண்ணாடிக் கலத்தில் கடலுக்குள் இறங்குபவர் வேறு யாருமில்லை, அலெக்சாண்டரேதான். படைகள் எட்டாத இடத்தை எல்லாம் அவர் பெயர் எட்டி, அரசர்களுக்கு வம்ச உரிமை வழங்கும் முத்திரையாகவே ஆகிவிட்டது. இந்த மண்ணில் அமர்ந்து கேட்பவர்களுக்கு இதைவிட நெருக்கமான பகுதி வேறென்ன இருக்க முடியும்? கேள்வி நேரத்தில் ஒரு மாணவி இதை எழுப்பினார். “நேரமில்லை, அம்மா” என்ற பதிலே கிடைத்தது.

ஏற்பாடுகளைப் பொறுத்தவரை முணுமுணுப்புக்கு இடமுண்டு. ஒளிநகல் எடுத்துக் கொடுத்த குறிப்பேட்டில் வரைபடங்கள் கருத்துப்போய், யூப்ரடீஸ் எது, டைகிரிஸ் எது என்று விரல் வைத்துத் தேட வேண்டியிருந்தது. ஒரே நகரின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வந்தது. வரலாறு புதிதாகப் படிப்பவர் இரண்டு நகரங்கள் என்றே எண்ணிக்கொள்வார். ஓர் அமர்வின் நேரம் மாறியதை அன்று மதியம்தான் வாட்ஸ்அப்பில் தெரிவித்தார்கள். கிள்ளானிலிருந்து வந்த ஒரு குடும்பம் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றதாக அறிந்தேன். குளிரூட்டியின் குளிரைத் தாங்க முடியாதவர்கள் சால்வை எடுத்துச் செல்வது நல்லது. காரை மறந்துவிடுங்கள், சனிக்கிழமை மாலையில் அந்த வட்டாரத்தில் நிறுத்த இடம் தேடுவதற்குள் முதல் பாதி முடிந்துவிடும். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தால் சிரமமில்லை.

சேரலாமா என்று கேட்டால், சேரலாம் என்பதே என் பதில். போர்க்களக் காட்சிகளை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். பதின்ம வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போகும் பெற்றோர் முதல் இரண்டு வாரங்களைப் பொறுத்துக்கொள்ளும்படி சொல்லி அழைத்துப் போக வேண்டும். தனி அமர்வுக்கு 40 ரிங்கிட் வீதம் கட்டியும் சேரலாம் என்றிருப்பதால், முழுத் தொகை அதிகமென்று தோன்றுபவர்கள் மூன்றாவதையும் நான்காவதையும் ஐந்தாவதன் முதற்பாதியையும் தேர்ந்தெடுக்கலாம். ஐந்தாவதன் பிற்பாதியில் இடைவேளைக்குப் பின் யானைகள் வரத் தொடங்கியதும் கீழே இறங்கித் தேநீர் குடிக்கப் போனாலும் பெரிய நட்டமில்லை. அடுத்த தொகுதியில் ஏழாவதாக ஓர் அமர்வைச் சேர்த்து இஸ்கந்தர் மரபுக்கு ஒதுக்குவதாக இருந்தால், அதற்கு மட்டும் மறுபடியும் பணம் கட்ட நான் தயார் என்பதை ஏற்பாட்டாளர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.